ட்ரம்பெட்டுக்கு மைனஸ் 196 டிகிரி வைத்தியம்

போன மாதம் என் ட்ரம்பெட்டை உறைய வைக்கக் கொடுத்தேன். கிரையோஜெனிக் ட்ரீட்மென்ட் என்று பெயர்; கருவியைக் கடுங்குளிரில் வைத்து எடுத்தால் நன்றாக ஒலிக்கும் என்கிறார்கள். எங்கள் குழுவில் ட்ராம்போன் வாசிக்கும் அண்ணன் தன்னுடையதை அப்படிச் செய்து வாங்கிக்கொண்டு வந்து, "தம்பி, மூச்சு விட்டாலே போதும், தானா பேசுது" என்று ஒத்திகைக்கு ஒத்திகை சொல்லிக்கொண்டிருந்தார். என் கருவியிலோ மேலே உள்ள ஜி சுரம் கொஞ்ச காலமாக வழுக்கிக்கொண்டே இருந்தது. பிடித்தால் நிற்காது, விட்டால் கீழே விழும். 22 வருடமாக ஊதுகிற ட்ரம்பெட், அதற்கும் வயதாகிவிட்டதோ என்ற பயம் வேறு. சரி, பார்த்துவிடலாம் என்று கொடுத்துவிட்டேன்.

முதலில், செய்த வேலையைப் பற்றிக் குறை சொல்ல ஒன்றுமில்லை. பலர் நினைப்பதுபோல கருவியைத் திரவ நைட்ரஜனில் முக்கி எடுப்பதில்லை. மூடிய பெட்டிக்குள் வைத்து, நைட்ரஜன் ஆவியை மெல்ல மெல்ல விட்டு, பல மணி நேரம் எடுத்துக் குளிர வைக்கிறார்கள். திரவ நைட்ரஜன் கொதிப்பதே மைனஸ் 196 டிகிரியில்தான். கிட்டத்தட்ட அந்தக் குளிரில் ஓர் இரவு வைத்திருந்து, அதே நிதானத்தில் அறை வெப்பத்துக்குத் திருப்புகிறார்கள். அவசரப்பட்டால் ஆபத்து. பித்தளை அந்த அளவு குளிர்ந்தால் நீளத்தில் 0.4 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவாகச் சுருங்கும். ட்ரம்பெட்டின் குழாயை நீட்டி வைத்தால் ஏறக்குறைய 1.4 மீட்டர். அதில் 5 மில்லிமீட்டர் காணாமல் போய்த் திரும்பி வருகிறது. மெல்லிய புனல்வாய் ஒரு வேகத்திலும் தடித்த தாங்கிகள் வேறொரு வேகத்திலும் குளிர்ந்தால் பற்றவைத்த இடங்கள் என்ன பாடுபடும் என்று யோசித்துப் பாருங்கள். என்னுடையதில் ஒரு மூட்டும் விடவில்லை, மேல்பூச்சும் அப்படியே இருந்தது.

வாங்கி வந்து ஊதிய முதல் சுரத்திலேயே ஆடிப்போனேன். அந்த ஜி, போய்ப் பலகை போட்டு உட்கார்ந்த மாதிரி உட்கார்ந்தது! மெதுவாக ஊதினாலும் உடையவில்லை. சுருதி காட்டும் ட்யூனரை வைத்துப் பார்த்தால், சுருதி சேர்க்க இழுக்கும் ஸ்லைடைப் பழைய இடத்திலேயே விட்டும் 10 சென்ட் மேலே காட்டியது (அரைச்சுரத்தில் நூறில் ஒரு பங்குதான் ஒரு சென்ட்). அண்ணனுக்கு உடனே போன் போட்டு மன்னிப்புக் கேட்டேன்.

இரண்டு நாள் கழித்து வால்வுக்கு எண்ணெய் போட மூடியைத் திருகினேன். உள்ளே புத்தம்புது கம்பளி வளையங்கள், வெள்ளையாக. மவுத்பீஸ் செருகும் முன்குழாயை வெளிச்சத்துக்குக் காட்டிப் பார்த்தேன். முன்பு அதற்குள் பச்சையும் கறுப்புமாக ஒரு படலம் இருந்ததை நானே பார்த்திருக்கிறேன். இப்போது கண்ணாடி மாதிரி மின்னியது. உறைய வைத்துக் கொடுத்தவர்களைக் கேட்டால், "உறைய வைக்கிறதுக்கு முன்னாடி முழுசா கழட்டிக் கழுவிடுவோம் சார். பூட்டும்போது புது ஃபெல்ட் போட்டு வால்வு மட்டம் பார்த்துக் கொடுப்போம்" என்றார்கள்.

அங்கேதான் எனக்கு உறைத்தது. பழைய வளையம் நசுங்கிப்போனால் வால்வுக்குள் ஏறி இறங்கும் பிஸ்டன் அரை மில்லிமீட்டர் இடம் மாறி நிற்கும், அதன் துளையும் குழாயின் துளையும் நேர்க்கோட்டில் நிற்காது. துளையின் அகலமே 12 மில்லிமீட்டருக்குள். முன்குழாயில் அழுக்கு படிந்தால் மவுத்பீஸுக்கு அடுத்தபடியாகக் காற்றுப்பாதையின் குறுகலான பகுதி இன்னும் குறுகும். சுரம் வழுக்குவதற்கு இவை இரண்டுமே போதும். நான் கடைசியாக எப்போது கழுவினேன் என்று தயவுசெய்து கேட்காதீர்கள்.

அந்த 10 சென்ட்? கொடுப்பதற்கு முன் அளந்தது ஏசி அறையில், வந்தபின் அளந்தது ஏசி ஓடாத நாளில். காற்று ஒரு டிகிரி சூடானால் சுருதி சுமார் 3 சென்ட் ஏறும். ஏறியது காற்று, பித்தளை இல்லை.

இருந்தாலும் சந்தேகம் தீர வேண்டுமே. குழுவில் ஒரு தம்பியிடம் என்னுடையதைப் போலவே அதே மாடல் இருக்கிறது. அதை வாங்கி வந்து வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் ஊற வைத்து, பிரஷ் விட்டுத் தேய்த்து, புது வளையம் போட்டேன். குளிர் வைத்தியம் கிடையாது. நானே ஊதி நானே தீர்ப்புச் சொன்னால் செல்லாது என்பதால், அண்ணனைச் சுவரைப் பார்த்து உட்கார வைத்து, ஒரே மவுத்பீஸில் இரண்டையும் மாற்றி மாற்றிப் பத்து முறை ஊதினேன். எது உறைய வைத்தது? பத்தில் ஏழு முறை தம்பியின் ட்ரம்பெட்டைச் சொன்னார். "நல்லா திறந்துக்கிச்சு பாரு" என்று பாராட்டு வேறு. விஷயத்தைச் சொன்னதும் கொஞ்ச நேரம் பேசவில்லை.

இது வீட்டு விளையாட்டு, ஆராய்ச்சி இல்லை. ஆனால் 2003இல் அமெரிக்காவின் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தில் இதையே ஒழுங்காகச் செய்திருக்கிறார்கள். பாக் நிறுவனத்தின் ஸ்ட்ராடிவேரியஸ் என்ற மாடலில் பத்து ட்ரம்பெட்டுகள், பாதியை மட்டும் குளிர வைத்து, ஆறு பேரை ஊதச் சொல்லி அளந்தார்கள். ஆளுக்கு ஆள், கருவிக்குக் கருவி இருந்த வேறுபாடுதான் பெரிதாக இருந்ததே தவிர, குளிர் வைத்தியத்தால் சொல்லும்படியான மாற்றம் எதுவும் தெரியவில்லை.

உறைய வைத்தவர்கள் கொடுத்த சான்றிதழில் "மூலக்கூறுகள் சீரமைந்து உள் அழுத்தம் நீங்கும்" என்று போட்டிருக்கிறது. பித்தளையில் மூலக்கூறு ஏது? செம்பும் துத்தநாகமும் கலந்த படிகங்கள்தான். இந்த வைத்தியம் வெட்டவும் துளைக்கவும் பயன்படும் எஃகுக் கருவிகளிலிருந்து வந்தது. அங்கே வேலை செய்கிறது, காரணமும் தெளிவு: கடினப்படுத்திய எஃகில் மிச்சமிருக்கும் ஆஸ்டினைட் என்ற மென்மையான படிக வடிவம், கடுங்குளிரில் மார்டன்சைட் என்ற கடினமான வடிவமாக மாறும். ட்ரம்பெட் செய்கிற, 70 பங்கு செம்பும் 30 பங்கு துத்தநாகமும் சேர்ந்த பித்தளையில் அப்படி மாறக் காத்திருக்கும் பொருளே இல்லை.

உள் அழுத்தம் என்பது மட்டும் பொய்யில்லை. 19ஆம் நூற்றாண்டில் இந்தியாவிலிருந்த பிரிட்டிஷ் ராணுவத்தின் பித்தளைத் தோட்டா உறைகள் மழைக்காலத்தில் தாமாகவே வெடிப்பு விட்டன. உலோகத்தில் தங்கிய அழுத்தமும் குதிரை லாயத்து அம்மோனியாவும் சேர்ந்து செய்த வேலை அது. அதற்குக் கண்ட வழி பித்தளையைச் சூடாக்குவது. அணுக்கள் நகர்ந்தால்தானே அழுத்தம் தளரும்? குளிரில் அவை இன்னும் விறைத்துப்போய் நிற்கும்.

ஆக, கருவிக்குக் கேடில்லை, பலனும் குளிரால் இல்லை. ஆனால் அந்தக் கழுவலும் வால்வு மட்டமும் அருமையான வேலை. என் கையால் அவ்வளவு சுத்தமாக வராது. அதனால் மறுபடி போன் போட்டு, உறைய வைக்காமல் அதை மட்டும் வருடத்துக்கு ஒருமுறை செய்து தருவீர்களா என்று கேட்டேன்.

"அது தனியா பண்றதில்லை சார்" என்றார்கள்.