பாத்ரூம் தண்ணீர் இறங்கவில்லையா? முள்பட்டை, ரப்பர் பம்ப், ஸ்பிரிங், பொடி: எது எதுவரை எட்டும்?

குளிக்கும்போது பாதம் முழுகத் தண்ணீர் நின்றால், சென்னை வீடுகளில் முதலில் நடப்பது மளிகைக் கடையில் அடைப்பு நீக்கும் பொடி ஒரு பாக்கெட் வாங்கி தரையில் தண்ணீர் இறங்கும் துளையை மூடியிருக்கும் ஜாலிக்குள் கொட்டுவதுதான். சில நேரம் தண்ணீர் இறங்கும். இரண்டு வாரத்தில் மறுபடி நிற்கும். பொடி மட்டம் என்பதல்ல விஷயம். அடைப்பு எங்கே என்று பார்க்காமலேயே மருந்து போட்டாயிற்று. இந்த வேலையில் ஒவ்வொரு கருவிக்கும் எட்டும் தூரம் என்று ஒன்று உண்டு. கை அரை அடி போகும், பற்கள் வைத்த பிளாஸ்டிக் முள்பட்டை ஒன்றரை அடி, கையால் சுற்றும் ஸ்பிரிங் 15 அடி. அதற்கு அப்பால் இருப்பது சேம்பர், அதாவது வீட்டுக்கு வெளியே கழிவுநீர்க் குழாய்கள் வந்து சேரும், மூடி போட்ட தொட்டி. அந்தத் தூரத்தை வைத்துத்தான் இங்கே ஒப்பிடுகிறோம்.

முதலில் அடைப்பு எங்கே?

ஜாலியைக் கழற்றுங்கள். இப்போது போடும் எஃகு ஜாலிகளில் பெரும்பாலும் கரப்பான் ஏறாமலிருக்க உள்ளே கவிழ்த்த கிண்ணம் ஒன்று இருக்கும், திருகினால் வந்துவிடும். அந்தக் கிண்ணத்தின் விளிம்பைச் சுற்றித் தண்ணீர் போகும் சந்து சிறு விரல்கூட நுழையாத அகலம். முடி முதலில் மாட்டுவது அங்கேதான். கிண்ணத்தை எடுத்து வைத்துவிட்டு 15 லிட்டர் வாளித் தண்ணீரை ஒரே மூச்சில் ஊற்றிப் பாருங்கள். கடகடவென்று இறங்கிவிட்டால் குழாயில் குறையே இல்லை. பழைய பல் துலக்கும் பிரஷால் கிண்ணத்தைத் தேய்த்துக் கழுவி மாட்டினால் போதும். "அடைப்பு" என்று ஆளைக் கூப்பிடும் வீடுகளில் இப்படி முடியக்கூடியவை நிறைய.

ஜாலிக்குக் கீழே எப்போதும் கொஞ்சம் தண்ணீர் தெரிவதை அடைப்பு என்று எண்ணிவிட வேண்டாம். அது ட்ராப்பில், அதாவது ஜாலிக்கு அடியில் உள்ள குழாய் வளைவில், நிற்க வேண்டிய தண்ணீர், 50 மி.மீ. உயரம். சாக்கடை வாடை மேலே வராமல் காப்பது அதுதான். ஊற்றிய தண்ணீர் ஜாலி மட்டம்வரை ஏறி, மெல்ல மெல்ல இறங்கினால்தான் ட்ராப்பிலோ அதை ஒட்டிய குழாயிலோ அடைப்பு.

அடுத்து, மற்ற இடங்களைப் பாருங்கள். ஒரு பாத்ரூமில் மட்டும் தேங்கினால் குறை அந்த ட்ராப்பில். வாஷ்பேசினும் இன்னொரு பாத்ரூமும் சேர்ந்து மந்தமானால், எல்லாம் போய்ச் சேரும் கீழிறங்கு குழாயைச் சந்தேகிக்க வேண்டும். தரைத்தள வீட்டில், மாடியில் யாரோ குளிக்கும்போது உங்கள் ஜாலியில் தண்ணீர் பொங்கினால் அது சேம்பர் சமாசாரம். உங்கள் பாத்ரூமுக்குள் எதைப் போட்டாலும் தீராது. வெளியே போய்ச் சேம்பர் மூடியைத் தூக்கிப் பாருங்கள். விஷவாயு இருக்கக்கூடும், ஆகவே திறந்ததும் நாலடி விலகி நின்று, கொஞ்ச நேரம் கழித்து டார்ச் அடித்து, குனியாமல் பாருங்கள். சேம்பர் நிறைந்திருந்தால் அடைப்பு அதற்கு அப்பால், தெருப் பக்கம். காலியாக இருந்தால் சேம்பருக்கும் வீட்டுக்கும் நடுவில்.

ஒரு மூலையில் மட்டும் குட்டையாக நின்று, ஜாலி பக்கம் நகரவே இல்லையென்றால் அது டைல்ஸ் ஒட்டியவர் சரிவு வைக்காத குறை. அதை எந்தப் பொடியும் தீர்க்காது.

கையும் முள்பட்டையும்

எங்கள் முதல் ஓட்டு இதற்கு. காரணம் சென்னைத் தண்ணீர். போர்வெல் தண்ணீரில் குளிக்கும் வீடுகளில் அந்தத் தண்ணீரில் உள்ள கால்சியம் சோப்போடு சேர்ந்து கரையாத வெள்ளைப் பிசுக்காக மாறும். வாளி ஓரத்தில் படிகிறதே, அதே பிசுக்குதான். தலைமுடியும் தேங்காய் எண்ணெயும் சீயக்காய்த் தூளும் இதில் ஒட்டித் தடித்த கயிறாக ட்ராப்பின் வளைவில் உட்கார்ந்துகொள்ளும். இந்தச் சுண்ணாம்புச் சோப்பு கொதிக்கும் நீரில் உருகாது. அடைப்பு நீக்கும் பொடியில் உள்ள காஸ்டிக் சோடாவிலும் சரியாகக் கரையாது. ஆனால் முடியைப் பிடித்து இழுத்தால் மொத்தமும் கூடவே வரும்.

முள்பட்டை என்பது இரண்டு பக்கமும் பின்னோக்கிய பற்கள் வெட்டிய, சுமார் 50 செ.மீ. நீளப் பிளாஸ்டிக் பட்டை. ஹார்டுவேர் கடையில் நூறு ரூபாய்க்குள் கிடைக்கும். கையுறை போட்டு, கைக்கு எட்டும் முடியை முதலில் அள்ளிவிட்டு, பட்டையை வளைவு தாண்டும்வரை நுழைத்து, இரண்டு மூன்று முறை திருப்பி, மெதுவாக இழுங்கள். வெடுக்கென்று இழுத்தால் பற்கள் முறிந்து உள்ளேயே தங்கி, அடுத்த முடிக்கு அவையே கொக்கியாகிவிடும். வெறும் பட்டை திரும்பும்வரை நான்கைந்து முறை செய்ய வேண்டும். பட்டை இல்லாவிட்டால் கட்டுக்கம்பியை இரட்டையாக முறுக்கி, நுனியை 1 செ.மீ. கொக்கியாக மடித்தாலும் வேலை நடக்கும். எடுத்த முடியைக் குப்பையில் போடுங்கள். கழிவறைக் கோப்பையில் போட்டால் அடைப்பு இடம்தான் மாறும்.

ஜாலிக்கு மேல் ஒரு முடி வலை வைத்து, எண்ணெய்க் குளியலன்று மாலையே அதைச் சுத்தம் செய்யும் வீட்டுக்கு இந்தக் கட்டுரையின் மீதிப் பகுதி அநேகமாகத் தேவைப்படாது.

ரப்பர் பம்பா, ஸ்பிரிங்கா?

இரண்டும் ஒரே வேலைக்கு என்று நினைத்துத்தான் வாங்குகிறார்கள். அப்படி இல்லை. பிடியில் ரப்பர் கிண்ணம் மாட்டிய பம்ப் தள்ளும், ஸ்பிரிங் கிளறி இழுக்கும்.

பயத்தம்மாவு, அரப்பு, வாஷிங் மெஷின் பஞ்சு, மணல் போன்ற குழைவான சேற்றுக்குப் பம்ப் நல்லது. முடிக் கற்றையை அது இன்னும் உள்ளே கொண்டுபோய் இறுக்கிவிடும். ஆகவே முள்பட்டைக்குப் பிறகுதான் பம்ப். ஜாலியின் துளையை முழுக்க மூடும் அகலம் வேண்டும். துளை 4 அங்குலம் என்றால் 5 அங்குல ரப்பர் கிண்ணம். தட்டையான விளிம்புள்ளதாக வாங்குங்கள். உள்ளே நீண்ட உதடு வைத்தது கழிவறைக் கோப்பைக்கானது. இரண்டு அங்குலம் தண்ணீர் தேங்க விட்டு, விளிம்பில் சோப்பு தடவி, காற்றில்லாமல் அழுத்தி, 15 முதல் 20 முறை வேகமாகக் குத்துங்கள்.  பம்ப் வேலை செய்யவில்லை என்பவர்கள் தவறவிடுவது ஒன்று: அதே ட்ராப்பில் வாஷ்பேசின் குழாயோ மெஷின் குழாயோ சேர்ந்திருந்தால், அழுத்தம் முழுக்க அந்த வழியாகப் போய்விடும். ஈரத்துணியைப் பந்தாகச் சுருட்டி அவற்றை அடைத்துவிட்டுக் குத்துங்கள்.

ஸ்பிரிங் 5 மீட்டர் நீளத்தில், பின்னால் கைப்பிடியோடு வரும். ட்ராப்பைத் தாண்டிய கிடைக்குழாய்க்கு இதைவிட நல்ல கருவி வீட்டில் வைத்துக்கொள்ள முடியாது. அரை அடி அரை அடியாக விட்டு, வலப்பக்கமே சுற்றுங்கள். வளைவில் முட்டினால் கெட்டியாகத் தெரியும். கொஞ்சம் இழுத்துச் சுற்றி விட்டால் தாண்டும். அடைப்பில் முட்டினால் பஞ்சில் குத்தியது போலிருக்கும். அங்கே பத்துச் சுற்று சுற்றி, சுற்றிக்கொண்டே வெளியே இழுக்க வேண்டும். முட்டிய இடத்தில் பலம் போட்டால் ஸ்பிரிங் உள்ளேயே மடிந்து முடிச்சு விழும். அப்புறம் தரையை உடைக்க வேண்டியதுதான். டிரில் மெஷினில் மாட்டிச் சுற்றுவதும் அதே ஆபத்து.

சில ட்ராப்களின் வளைவு இறுக்கமாக இருந்து ஸ்பிரிங் நுழையாது. அடுக்ககங்களில் அதற்கு வழி டக்ட்டில், அதாவது எல்லா மாடிக் குழாய்களும் இறங்கும் குறுகிய இடத்தில், இருக்கிறது. கீழிறங்கும் குழாயில் திருகாணி போட்ட மூடியோடு ஒரு 'டோர் டீ' அல்லது 'டோர் பெண்ட்' இருக்கும். மேல்வீட்டுக்காரர்களிடம் சொல்லித் தண்ணீரை நிறுத்தச் சொல்லிவிட்டு, அதைத் திறந்து அங்கிருந்து விடலாம். மூடும்போது ரப்பர் வாசரைத் துடைத்து, நேராக உட்கார வையுங்கள். அது மடிந்தால் டக்ட் சுவர் முழுக்கக் கசியும். மயிலாப்பூர், திருவல்லிக்கேணிப் பழைய வீடுகளில் தரைக்கடியில் பீங்கான் குழாய்களும், மூட்டுகளில் சிமெண்டும் இருக்கலாம். மூட்டு விட்ட இடத்தில் வேர் நுழைந்திருந்தால் ஸ்பிரிங் ஓட்டை போடும், ஆனால் சில மாதத்தில் மறுபடி அடைக்கும். அங்கே குழாய் மாற்றுவதுதான் வேலை.

பொடி, ஆசிட், சோடாவும் வினிகரும்

கடைசியாகச் சொன்னதை முதலில் முடித்துவிடலாம். ஆப்ப சோடாவும் வினிகரும் சேர்ந்தால் நுரை பொங்கும். பார்க்கத் திருப்தியாக இருக்கும். ஆனால் ஒன்றையொன்று முறித்துக்கொண்டு மிஞ்சுவது உப்புத் தண்ணீர்தான். முடி அப்படியே இருக்கும்.

பொடி என்பது பெரும்பாலும் காஸ்டிக் சோடா. தண்ணீர் பட்டதும் கொதிக்கும், எண்ணெயைச் சோப்பாக்கும், முடியையும் மெல்லக் கரைக்கும். சமையலறைச் சிங்குக்கு அது பொருத்தம். பாத்ரூமில் பாதி பலன்தான், ஏன் என்பது மேலே சொன்ன சுண்ணாம்புச் சோப்பில் இருக்கிறது. பயத்தம்மாவு தேய்த்துக் குளிக்கும் வீட்டில் இன்னொரு சிக்கல்: காஸ்டிக்கின் காரத்தில் மாவு பசையாகிவிடும். போடுவதென்றால் தண்ணீர் மெதுவாகவாவது இறங்க வேண்டும். முழுக்க நிற்கும் தண்ணீரில் போட்டால் அது கரைசலாகத் தேங்கி நின்று, அடுத்து கை விடுபவரின் தோலைப் புண்ணாக்கும். எஃகு ஜாலியை எடுத்துவிட்டு, முகத்தை விலக்கி, 50 கிராம் பொடி, மேலே பாக்கெட்டில் சொன்ன அளவு சாதாரணத் தண்ணீர், அரை மணி நேரம், பிறகு இரண்டு வாளித் தண்ணீர். தண்ணீர் போதாவிட்டால் பொடி ட்ராப்புக்குள்ளேயே கல்லாக இறுகும். கொதிக்கும் தண்ணீர் வேண்டவே வேண்டாம்; பிவிசி குழாய் இளகும், காஸ்டிக்கும் எகிறித் தெறிக்கும். பொடி போட்டும் சரியாகாமல் பிளம்பரைக் கூப்பிட்டால், போட்டதை அவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

தெருவில் சைக்கிளில் விற்கும் ஆசிட்டை வாங்கவே வேண்டாம். அது முடியை ஒன்றும் செய்யாது. டைல்ஸ் இடுக்குச் சிமெண்டையும் எஃகு ஜாலியையும்தான் தின்னும். காஸ்டிக் போட்ட குழாயில் ஆசிட் ஊற்றினால் வெடித்தாற்போல் மேலே வரும். பிளீச்சிங் பவுடரும் ஆசிட்டும் சேர்ந்தால் குளோரின் வாயு. ஜன்னல் இல்லாத சின்னப் பாத்ரூமில் அது உயிருக்கே ஆபத்து. செப்டிக் டேங்க் உள்ள வீடுகளிலும், பழைய மகாபலிபுரம் சாலைப் பக்கம் சொந்தச் சுத்திகரிப்பு நிலையம் வைத்திருக்கும் அடுக்ககங்களிலும் இந்த ரசாயனங்கள் கழிவைச் செரிக்கும் பாக்டீரியாவையும் கொல்லும்.

சேம்பருக்கு அப்பால்

வீட்டுக்கும் சேம்பருக்கும் இடையே என்றால் பிளம்பர் மூங்கில் பிளாச்சோ இரும்பு ராடோ விட்டு எடுப்பார். கீழ்ச் சேம்பரிலிருந்து மேல்நோக்கி விடச் சொல்லுங்கள். மேலிருந்து தள்ளினால் கழிவு அடுத்த வளைவில் போய் உட்காரும். வேலை முடிந்ததும் பாத்ரூமில் நான்கு வாளி ஊற்றி, சேம்பரில் அது தெளிவாக ஓடி வருவதைப் பார்த்த பிறகு பணம் கொடுங்கள்.

உங்கள் கடைசிச் சேம்பரே நிறைந்து நின்றால் குடிநீர் வாரியத்தின் 1916 அல்லது 044-45674567 எண்ணில் புகார் கொடுத்துப் பதிவு எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் தெருக் குழாயே நிரம்பித் திரும்பி வரும். அப்போது வீட்டுக்குள் ஸ்பிரிங் சுற்றிப் பயனில்லை. தரைத்தள ஜாலியை மணல் மூட்டையால் அழுத்தி வைப்பதுதான் அந்த நேரத்துக்கு வழி. தெரு மழைநீர் வடிகால் மாநகராட்சியுடையது, அதற்கு 1913.

சேம்பருக்குள்ளோ செப்டிக் டேங்குக்குள்ளோ ஆளை இறக்கிச் சுத்தம் செய்யலாம் என்று யார் சொன்னாலும் சம்மதிக்காதீர்கள். மனிதரைக் கொண்டு கழிவு அள்ளுவதைத் தடை செய்யும் 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி அது குற்றம். முதல் முறைக்கே இரண்டு ஆண்டு வரை சிறையோ இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ உண்டு. வேலைக்கு வைத்த வீட்டுக்காரருக்கும் அது பொருந்தும். ஒரே மூச்சில் மயங்கி விழ வைக்கும் வாயு அங்கே இருக்கிறது, காப்பாற்ற இறங்கியவரும் சேர்ந்தே இறந்துபோகிறார். உறிஞ்சும் லாரி வர ஒரு நாள் ஆகுமென்றால், அந்த ஒரு நாள் பக்கத்து வீட்டில் குளித்துக்கொள்ளுங்கள்.