265, 285, 255: லிஃப்ட் செய்த டகோமாவில் எந்த டயர் உரசாது?

மூன்றாம் தலைமுறை டொயோட்டா டகோமாவுக்கு, அதாவது 2016 முதல் 2023 வரை வந்த பிக்கப் வண்டிக்கு, முன்பக்கம் இரண்டரை அங்குலம் லிஃப்ட் செய்தவர்கள், அதாவது சஸ்பென்ஷனை உயர்த்தியவர்கள், அடுத்த வாரமே டயர் பார்க்கத் தொடங்கிவிடுவார்கள். நானும் அப்படித்தான் தொடங்கினேன். கொலராடோவில் இருக்கிறேன், கோடையில் மலைக் கணவாய்கள், வசந்தத்தில் யூட்டாவின் மோவாப் பக்கம் பாறைப் பாதைகள். இந்த வண்டிக்குப் பேசப்படும் அளவுகளில் மூன்றைத்தான் இங்கே ஒப்பிடுகிறேன்: 265/70ஆர்17, 285/70ஆர்17, 255/80ஆர்17. முதல் எண் டயரின் அகலம் மி.மீ.இல், அடுத்தது பக்கச்சுவரின் உயரம் அந்த அகலத்தில் எத்தனை சதவீதம் என்பது, கடைசி எண் ரிம்மின் விட்டம் அங்குலத்தில். முதல் இரண்டையும் என் வண்டியில் போட்டு ஓட்டியிருக்கிறேன். மூன்றாவதை, கூடப் பயணம் செய்யும் நண்பரின் வண்டியில் பார்த்திருக்கிறேன்.

முதலில் ஒரு தவறான எண்ணத்தை விட வேண்டும். லிஃப்ட் செய்துவிட்டால் டயர் உரசாது என்பது உண்மையில்லை. சமதளத்தில் நிற்கும்போது டயருக்கும் அதற்கு மேலே உள்ள உடல் தகடான ஃபெண்டருக்கும் நடுவே இடம் தெரியும், சரி. ஆனால் ஒரு சக்கரம் பாறைமேல் ஏறி சஸ்பென்ஷன் முழுதாக அமுங்கும்போது, டயர் பழைய உயரத்துக்கே போய் நிற்கிறது. அதைவிட முக்கியமானது கேப் மவுண்ட். முன்சக்கரத்துக்குப் பின்னால், சேஸியோடு பற்ற வைத்திருக்கும் அந்த இரும்புத் தாங்கியின் மேல்தான் கேபின் உட்கார்ந்திருக்கிறது. ஸ்டீயரிங்கை முழுதாக ஒடித்தால் டயர் சுழன்று வந்து முட்டும் இடம் அதுதான். சேஸியிலிருந்து உடலை மட்டும் உயர்த்தும் பாடி லிஃப்ட் போட்டாலும் உதவாது. கேபின் உயரும், தாங்கி சேஸியோடு அங்கேயே இருக்கும்.

இனி அளவுகள். இந்த டகோமாவின் டிஆர்டி ஆஃப்ரோடு வகையில் கம்பெனியிலிருந்து வந்தது 265/70ஆர்16, விட்டம் 777 மி.மீ., அதாவது 30.6 அங்குலம். 265/70ஆர்17 போட்டால் 803 மி.மீ. (31.6 அங்குலம்). 285/70ஆர்17 என்றால் 831 மி.மீ. (32.7). 255/80ஆர்17 தான் மூன்றிலும் உயரம், 840 மி.மீ. (33.1), அகலத்தில் கம்பெனி டயரைவிடவும் 10 மி.மீ. ஒல்லி.

விட்டம் கூடுவதில் பாதிதான் அச்சுக்கு அடியில் இடைவெளியாகக் கிடைக்கும். 265/70ஆர்17இலிருந்து 285/70ஆர்17க்குப் போனால் தரையிலிருந்து கூடுதலாகக் கிடைப்பது 14 மி.மீ. அரை அங்குலத்துக்குக் கொஞ்சம் மேல். அந்த அரை அங்குலத்துக்காக வண்டியின் இரும்பை வெட்டலாமா என்பதுதான் இந்த ஒப்பீடு முழுவதும்.

265/70ஆர்17 பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை, அதுவே அதன் பெருமை. கம்பெனி ரிம்முக்கு நெருக்கமான ஆஃப்செட்டில் (அது என்ன என்று கீழே சொல்கிறேன்) போட்டால், சக்கரத்துக்குப் பின்னால் தொங்கும் மட் ஃப்ளாப்பைக் கழற்றுவது, மிஞ்சிப்போனால் ஃபெண்டருக்குள் இருக்கும் பிளாஸ்டிக் உறையான லைனரைச் சூடு காட்டிப் பின்னுக்குத் தள்ளுவது, அவ்வளவுதான் வேலை. ஸ்பீடோமீட்டர் 60 காட்டும்போது நிஜ வேகம் 62 மைல்.

285/70ஆர்17 தான் எல்லோரும் ஆசைப்படும் அளவு. வண்டிக்கு அது எடுப்பாக இருக்கும், அதை மறுக்கவில்லை. எனக்கு டயர் விற்ற கடையில், “லிஃப்ட்தான் இருக்கே, உரசாது” என்று சொல்லி, மைனஸ் 12 ஆஃப்செட் ரிம்மையும் சேர்த்துக் கொடுத்தார்கள். வீட்டு வாசலில் ரிவர்ஸ் எடுக்கும்போதே கரகரவென்று சத்தம். ஒரே மாதத்தில் லைனர் கிழிந்து, டயரின் தோள்பட்டையில் கேப் மவுண்ட் போட்ட கோடு தெளிவாகத் தெரிந்தது.

டயர் அளவைவிட அங்கே வினையானது ஆஃப்செட். ரிம்மை ஹப்பில் பூட்டும் முகம், ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பதுதான் ஆஃப்செட். கம்பெனி ரிம்முக்கு அது பிளஸ் 25 மி.மீ. மைனஸ் 12க்குப் போனால் சக்கரமே 37 மி.மீ. வெளியே வந்துவிடுகிறது. அகலமான கதவு திறக்கும்போது அதிக இடத்தை அடைத்துக்கொள்வதுபோல, வெளியே தள்ளிய டயர் திரும்பும்போது பெரிய வட்டம் போடுகிறது. முன்னால் பம்பர் ஓரம், பின்னால் கேப் மவுண்ட், இரண்டையும் தொடும். அதற்காக பிளஸ் 25இலேயே 285ஐ வைத்தால், உள்பக்கம், சக்கரத்தை மேலிருந்து பிடித்திருக்கும் அப்பர் கண்ட்ரோல் ஆர்முக்கு மிக நெருங்கிவிடும். எனவே பூஜ்யத்தை ஒட்டிய ஆஃப்செட்தான் நடுவழி. அப்போதும் கேப் மவுண்டை வெட்டத்தான் வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வெட்டுவது என்றால் தாங்கியின் முன்பக்க வெளிமூலையை அறுத்து, திறந்த இடத்தை இரும்புத் தகட்டால் மூடிப் பற்றவைத்து, பெயின்ட் அடிப்பது. தகடு வைக்காமல் விட்டுவிடுபவர்களைப் பார்த்திருக்கிறேன், மனசு பதறுகிறது. அது கேபினின் எடையைத் தாங்கும் பாகம். திறந்து கிடந்தால் பலமும் போகும், உப்பு தெளிக்கும் குளிர்காலச் சாலையில் துருவும் பிடிக்கும். வெல்டிங்குக்கு முன் பேட்டரியைக் கழற்றி வைப்பதையும் மறக்கக் கூடாது. தாங்கிக்கு மேலே கேபின் தகடுகள் சேரும் விளிம்பையும் சுத்தியலால் தட்டி மடக்க வேண்டியிருக்கும். தட்டிய இடத்தில் சீலன்ட் பூசாவிட்டால் அங்கேயும் துருதான்.

வெட்டுவதைத் தவிர்க்க அலைன்மென்டில், அதாவது சக்கரக் கோணங்களைச் சரிசெய்வதில், கொஞ்சம் இடம் தேடலாம். கேஸ்டரை, அதாவது பக்கத்திலிருந்து பார்க்கும்போது சக்கரம் திரும்பும் அச்சு பின்னால் சாய்ந்திருக்கும் கோணத்தை, கூட்டச் சொல்வார்கள். ஆனால் எந்தப் பக்கத்திலிருந்து கூட்டுகிறார்கள் என்று கேளுங்கள். சக்கரம் திரும்புவது மேலும் கீழுமாக உள்ள இரண்டு பால் ஜாயின்ட் மூட்டுகளில். கீழ் பால் ஜாயின்டை முன்னால் தள்ளிக் கூட்டினால் சக்கரமும் கேப் மவுண்டை விட்டு முன்னால் போகும். மேல் பால் ஜாயின்டை மட்டும் பின்னால் இழுத்துக் கூட்டினால், எண் நன்றாக இருக்கும், சக்கரம் ஒரு துளி பின்னாலேயே வரும். இந்த வித்தியாசம் தெரிந்த அலைன்மென்ட் ஆள் கிடைத்தால் விடாதீர்கள்.

285க்கு இன்னொரு விலையும் உண்டு. 3.5 லிட்டர் வி6 இன்ஜின், 278 குதிரைத்திறன், ஆட்டோமேட்டிக்கில் பின் அச்சு விகிதம் 3.91. டயர் கிட்டத்தட்ட 7 சதவீதம் பெரிதானால் அது 3.66 போல நடந்துகொள்ளும், அதாவது இழுவிசை குறையும். 13,114 அடி உயர இமோஜின் கணவாய்க்கு ஏறும்போது, காற்று மெலிந்து இன்ஜின் ஏற்கெனவே திணறும் இடத்தில், இந்த இழப்பு காலடியில் தெரிகிறது. நெடுஞ்சாலை ஏற்றத்திலோ கியர் மாறிக்கொண்டே இருக்கும். மேனுவலில் விகிதம் 4.30 என்பதால் அவ்வளவு வாடாது.

255/80ஆர்17 எனக்கு ரொம்பப் பிடித்துப்போன அளவு. அதே பூஜ்ய ஆஃப்செட் ரிம்மில் 285இன் வெளிவிளிம்பு கம்பெனி நிலையைவிட 35 மி.மீ. வெளியே வரும், 255 போட்டால் 20 மி.மீ.தான். பிளஸ் ஆஃப்செட் ரிம்மிலும் உள்பக்கம் மூச்சுவிட இடம் இருக்கும். உயரம் கூடுதல் என்பதால் பின்பக்கம் லைனரைக் கவனிக்க வேண்டும், ஆனால் என் நண்பரின் வண்டியில் கேப் மவுண்டை வெட்டவில்லை. பனியிலும் சேற்றிலும் ஒல்லி டயர் கீழே இறங்கி கெட்டித் தரையைப் பிடிக்கும். மென்மணலில் அகல டயருக்குத்தான் சாதகம், காற்றைக் குறைத்தால் ஓரளவு சரிக்கட்டலாம். குறை என்றால், இந்த அளவில் டயர் கிடைப்பது குறைவு. வழியில் ஒன்று கிழிந்தால் சிறிய ஊர்க் கடையில் கிடைக்கும் என்று நம்ப முடியாது.

தினமும் வேலைக்கும் அதே வண்டியில் போய், மாதம் ஒருமுறை மலைக்குப் போகிறவருக்கு நான் 265/70ஆர்17 தான் சொல்வேன். நானும் அதற்கே திரும்பிவிட்டேன். படிக்கட்டு போன்ற பாறைகளில் வாரம்தோறும் ஏறுகிறவர் 285 போடட்டும், ஆனால் பூஜ்ய ஆஃப்செட்டும், ஒழுங்காகத் தகடு வைத்த கேப் மவுண்ட் வேலையும் அதே பட்ஜெட்டில் இருக்க வேண்டும். பனிப் பிரதேசத்தில் வசித்து, டயரைக் காத்திருந்து வாங்கப் பொறுமையும் உள்ளவருக்கு 255.

எதைப் போட்டாலும் பயணத்துக்கு முன் ஒரு மாலை ஒதுக்கிச் சோதியுங்கள். டயரின் தோள்பட்டையில் சாக்பீஸ் தேய்த்து, ஸ்டீயரிங்கை முழுதாக ஒடித்து, முன்னால் ஒருமுறை, பிரேக்கைச் சட்டென்று பிடித்தபடி ரிவர்ஸில் ஒருமுறை. பிரேக் பிடிக்கும்போது சஸ்பென்ஷன் மூட்டுகளில் உள்ள ரப்பர் புஷ் நெளிந்து சக்கரம் சில மி.மீ. நகரும், வாசலில் மெதுவாகத் திருப்பிப் பார்த்தால் தெரியாத உரசல் அப்போதுதான் தெரியும். பிறகு ஒரு முன்சக்கரத்தைச் சாய்தளத்தில் ஏற்றி, அமுங்கிய நிலையில் அதே சோதனை. சாக்பீஸ் எங்கே ஒட்டியிருக்கிறதோ அங்கேதான் வேலை. ஸ்பேர் டயரையும் அதே அளவில் வாங்கி, வண்டிக்கு அடியில் அதன் இடத்தில் ஏற்றிப் பாருங்கள், கடையில் நிற்கும்போதே.