மூன்று நாவல், ஒரு கேள்வி: எதை முதலில் எடுப்பது?

"கொலை, காதல், அமெரிக்கக் கறுப்பர் வரலாறு மூணும் ஒரே நாவல்ல வேணும், ஒண்ணு சொல்லுடி" என்றாள் தோழி. நான் மூன்று சொன்னேன். முதலாவதை ஒரே ராத்திரியில் முடித்தாள். இரண்டாவதை நாற்பதாம் பக்கத்தில் மூடி வைத்தாள். மூன்றாவதைப் பற்றி இன்னும் சண்டை ஓயவில்லை.

ராத்திரியில் முடித்தது வால்டர் மோஸ்லியின் 'டெவில் இன் எ புளூ டிரெஸ்' (1990). கதை நடப்பது 1948-ல், லாஸ் ஏஞ்சல்ஸில். ஈசி ராலின்ஸ் இரண்டாம் உலகப்போருக்குப் போய் வந்தவன். விமானத் தொழிற்சாலை வேலை பறிபோயிற்று, வீட்டுக் கடன் தவணை கழுத்தை நெரிக்கிறது. அந்த நேரம் பார்த்து ஒரு வெள்ளைக்காரன் வந்து, டாஃப்னி என்ற பெண்ணைத் தேடித் தந்தால் பணம் என்கிறான். நம் பாக்கெட் நாவல் வேகம். ஆள் பெயர்கள் குவிகிறதே என்று அலுத்துக்கொள்பவர்கள் உண்டு, அது நியாயமான புகார்தான். காதல்? டாஃப்னியோடு நடப்பதை மோகம் என்றுதான் சொல்வேன். ஈசி உயிரை வைத்திருப்பது தன் சின்ன வீட்டின்மேல். அமெரிக்காவில் அன்று எத்தனையோ வீட்டுப் பத்திரங்களில் 'கறுப்பருக்கு விற்கக் கூடாது' என்றே நிபந்தனை இருந்தது. நீதிமன்றங்கள் அதை அமல்படுத்தக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது இதே 1948-ல்தான். இது தெரிந்து படித்தால், ஒரு தவணைக்காக அவன் ஏன் இவ்வளவு ஆபத்தில் தலையைக் கொடுக்கிறான் என்று கேட்கத் தோன்றாது.

மூடி வைத்தது டோனி மாரிசனின் 'ஜாஸ்' (1992). துப்பறியும் ருசிக்காக எடுத்தவர்களுக்கு ஏமாற்றம் நிச்சயம். 1926, நியூயார்க்கில் கறுப்பர்கள் நிறைந்த ஹார்லம் பகுதி. ஐம்பது தாண்டிய ஜோ, பதினெட்டு வயது காதலி டோர்கஸைச் சுட்டுவிடுகிறான். அவன் மனைவி வயலட் கத்தியோடு சாவு வீட்டுச் சடங்குக்கே போய்ப் பிணத்தின் முகத்தைக் கிழிக்கப் பார்க்கிறாள். இவ்வளவும் ஆரம்பத்திலேயே சொல்லியாகிவிடுகிறது. 'அப்புறம் என்ன இருக்கு படிக்க?' என்பதுதான் தோழியின் புகார். 'யார் பேசுறான்னே புரியல' என்பது இன்னொன்று. இரண்டாவதற்கு என்னிடம் பதில் இல்லை, எனக்கும் அப்படித்தான் இருந்தது.

ஆனால் 1906-ல் ஜோவும் வயலட்டும் தெற்கிலிருந்து ரயிலில் நியூயார்க் வரும் இடத்தைப் பாருங்கள். தெற்கு எல்லை தாண்டும்வரை, ரயிலில் உட்கார்ந்து சாப்பிடும் பெட்டியில் கறுப்பரை மற்றவரிடமிருந்து பிரிக்க ஒரு பச்சைத் திரை தொங்கும். திரைக்குப் பின்னால் போகும் தட்டுகளில் சமையல்காரர்கள் ஒரு கரண்டி கூடுதலாகவே வைப்பார்கள். டெலவேர் தாண்டியதும் திரை கிடையாது. 'எல்லாரும் வாங்க, போய் உக்காந்து சாப்பிடுங்க' என்று பணியாள் தவிக்கிறான், இவர்களோ எழுந்திருக்கவில்லை. நிறவெறிச் சட்டங்களைப் பற்றிப் பத்துக் கட்டுரை படித்தும் எனக்கு உறைக்காதது அந்தக் கூடுதல் கரண்டியில் உறைத்தது.

சண்டை நடப்பது கோல்சன் வைட்ஹெட்டின் 'ஹார்லம் ஷஃபிள்' (2021) பற்றி. 125-ஆம் தெருவில் தவணைக்கு சோபா விற்கும் ரே கார்னி, கொஞ்சம் கொஞ்சமாகத் திருட்டு நகையும் கைமாற்றுகிறான். 1959, 1961, 1964 என்று மூன்று பகுதிகள். 1964 ஜூலையில் பதினைந்து வயது ஜேம்ஸ் பவலை ஒரு போலீஸ் அதிகாரி சுட்டுக் கொன்றதும் மூண்ட கலவரம் மூன்றாம் பகுதிக்குள் வருகிறது. சோபா துணி, மரம், விலை என்று வர்ணனை நீள்கிறது என்பது தோழி கட்சி. கடைக்காரன் கதையில் சரக்கைப் பற்றிப் பேசாமல் வேறென்ன பேசுவது என்பது என் கட்சி. காதல் விஷயத்தில் மட்டும் அவள் சொல்வது சரி: மனைவி எலிசபெத் நல்லவள், கெட்டிக்காரி, கறுப்பர்கள் வம்பில்லாமல் போய்வர வழி சொல்லும் பயண நிறுவனத்தில் வேலை செய்கிறாள். அவ்வளவு இருந்தும் அவளுக்குக் கிடைக்கும் பக்கங்கள் போதாது.

மூன்றையும் எடை போட எனக்கு ஒரே படிக்கல் போதும்: போலீஸ். வழக்கமான துப்பறியும் கதையில் கடைசியில் போலீஸ் வந்தால் மூச்சு விடுவோம். மோஸ்லியில் போலீஸ் ஈசியைப் பிடித்துக்கொண்டு போய் அடிக்கிறது. வைட்ஹெட்டில் டிடெக்டிவ் வந்து மாமூல் உறையை வாங்கிக்கொண்டு போகிறார். மாரிசனில் போலீஸ் வருவதே இல்லை. செத்த பெண்ணின் அத்தை ஆலிஸ் புகாரே கொடுக்கவில்லை: கையாலாகாத வக்கீலுக்கும் கேலி செய்யும் போலீசுக்கும் காசைக் கொட்டி என்ன ஆகப்போகிறது என்ற கணக்கு. ஆம்புலன்சுக்கு இரண்டு முறை சொல்லியும் விடிந்துதான் வருகிறது. தெருவில் பனி உறைந்து கிடந்தது என்று காரணம் சொல்கிறார்கள். கூப்பிட்டது கறுப்பர்கள் என்பதுதான் காரணம் என்று டோர்கஸின் தோழிக்குத் தெரியும்.

ஆகவே என் வரிசை இது. புதிதாக நுழைபவர் மோஸ்லியை எடுக்கட்டும், வேகமும் உண்டு, கதையின் முடிச்சும் அந்த நாட்டில், அந்தக் காலத்தில் மட்டுமே விழக்கூடிய முடிச்சு. குடும்பம், தொழில், ஊர் என்று அகலமாக வேண்டுமானால் வைட்ஹெட். காதல்தான் முக்கியம் என்றால் மாரிசன் ஒன்றுதான், ஆனால் முதலில் வேண்டாம். தோழி போன வாரம் 'ஜாஸ்' புத்தகத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு போனாள். "அந்த ரயில் வர்ற பக்கம் எது?" என்று மட்டும் கேட்டாள்.