ஸ்டார் ட்ரெக்கில் எது ஒசத்தி? ஓட்டு டீப் ஸ்பேஸ் நைனுக்கு

ஸ்டார் ட்ரெக் என்ற அமெரிக்க விண்வெளி டிவி தொடர்களின் ரசிகர்கள் இரண்டு பேர் சேர்ந்தால் போதும், எந்தத் தொடர் ஒசத்தி என்று பஞ்சாயத்து கூடிவிடும். சுற்றிச் சுற்றி அது நெக்ஸ்ட் ஜெனரேஷனா (1987–94), டீப் ஸ்பேஸ் நைனா (1993–99) என்பதில்தான் வந்து நிற்கும். ஜெயிப்பது டீப் ஸ்பேஸ் நைன். ஆனால் எடுத்த எடுப்பில் அதைத் தொடக்கூடாது.

அதன் முதல் எபிசோடே நெக்ஸ்ட் ஜெனரேஷனில் 'போர்க்' (Borg) என்ற பாதி இயந்திர இனம் நடத்திய தாக்குதலில்தான் தொடங்குகிறது. டீப் ஸ்பேஸ் நைனின் நாயகன் சிஸ்கோவின் மனைவி சாவது அதில்தான். அந்தப் போர்க் இனத்தின் கையில் சிக்கி அவர்களுக்காகப் பேசுவது நெக்ஸ்ட் ஜெனரேஷனின் கேப்டன் பிக்கார்ட். பிக்கார்டை ஏற்கெனவே ரசித்துப் பார்த்தவருக்குத்தான் பிறகு சிஸ்கோ அவர்முன் விறைப்பாக நிற்பது உறைக்கும். எனவே நெக்ஸ்ட் ஜெனரேஷனின் 3, 4 சீசன்களை முதலில் முடியுங்கள். முதல் இரண்டு சீசன்கள் சுமார். இரண்டாம் சீசனின் 'த மெஷர் ஆஃப் எ மேன்' எபிசோடை மட்டும் விடவேண்டாம். இரண்டாம் சீசனின் கடைசி எபிசோட் பழைய காட்சிகளை ஒட்டி ஒப்பேற்றியது, தாராளமாகத் தாண்டலாம்.

டீப் ஸ்பேஸ் நைன் எங்கே முந்துகிறது? வீட்டைவிட்டு வெகுதூரத்தில் தனியாக மாட்டிக்கொண்ட கப்பலின் கதையான வாயேஜர் (1995–2001) தொடரைப் பக்கத்தில் வைத்தால் தெரியும். கையில் 38 ஃபோட்டான் டார்பிடோ (கப்பலின் ஏவுகணை) தான், தீர்ந்தால் வேறு கிடையாது என்று முதல் சீசனிலேயே சொல்கிறார்கள். ஏழு சீசனில் அதற்கு மேலேயே சுட்டுத் தள்ளுகிறார்கள். இந்த வாரம் நொறுங்கிய கப்பல் அடுத்த வாரம் பளபளவென்று வந்து நிற்கிறது. டீப் ஸ்பேஸ் நைன் நடப்பதோ ஒரே இடத்தில் நிற்கும் விண்வெளி நிலையத்தில், அப்படி நழுவ முடியாது. இன்று பகைத்துக்கொண்டவர் நாளையும் அங்கே குவார்க் நடத்தும் பாரில் உட்கார்ந்திருப்பார்.

ஆறாம் சீசனின் 'இன் த பேல் மூன்லைட்' இதன் உச்சம். ஒதுங்கி நிற்கும் ரோமுலன்கள் என்ற வேற்றுக்கிரக வல்லரசைத் தங்கள் பக்கம் போருக்குள் இழுக்கப் பொய் ஆதாரம் தயாராகிறது, அவர்களின் செனட்டர் ஒருவர் கொல்லப்படுகிறார். அத்தனையையும் சிஸ்கோ கேமராவைப் பார்த்தே சொல்லி முடித்து, அந்தப் பதிவை அழித்துவிடுகிறார். ரோமுலன்களோ கடைசிவரை கூட்டணியில் இருக்கிறார்கள்.

குறை இல்லாமல் இல்லை. முதல் சீசன் மெதுவாக நகரும். அதில் கடைசிக்கு முந்தைய எபிசோடான 'டூயட்' கட்டாயம். ஒரே அறையில் இரண்டு பேர் பேசுவதுதான் பெரும்பகுதி, அசையவிடாது. ஆறாம் சீசனின் 'ப்ராஃபிட் அண்ட் லேஸ்' பக்கமே போகவேண்டாம்.

பெரிய தொல்லை படத்தரம். நெக்ஸ்ட் ஜெனரேஷனின் ஃபிலிமை மறுபடி ஸ்கேன் செய்து, எஃபெக்ட்ஸைப் புதிதாகக் கோத்து, 2012 முதல் எச்டியில் வெளியிட்டார்கள். டீப் ஸ்பேஸ் நைனும் ஃபிலிமில் எடுத்ததுதான், ஆனால் எடிட்டிங்கும் எஃபெக்ட்ஸும் வீடியோ டேப்பில் முடிந்தவை. முழுத் தொடருக்கும் அந்த வேலை நடக்கவில்லை. பெரிய டிவியில் மங்கலாகத்தான் இருக்கும். படத்தை அகலத்துக்கு இழுக்காமல் பழைய டிவி வடிவமான 4:3-லேயே விடுங்கள், ஷார்ப்னஸைக் குறையுங்கள். கூட்டினால் முகங்களின் ஓரத்தில் வெள்ளைக்கோடு விழும்.

டீப் ஸ்பேஸ் நைனின் கடைசிப் பத்து எபிசோடுகள் ஒரே கதை. நடுவில் இடைவெளி விட்டால் யார் யார் பக்கம் என்பதே குழம்பிவிடும்.