பிட்காயின் வாங்குவது எளிது, வைத்திருப்பதுதான் வேலை: ஒரு இந்தியப் பயனரின் அனுபவம்

2022 ஏப்ரல் 1 முதல் இந்தியாவில் பிட்காயின் போன்ற கிரிப்டோ நாணயங்களை விற்ற லாபத்துக்கு 30 சதவீத வரி நடைமுறைக்கு வந்தது. நான் முதன்முதலாகப் பிட்காயின் வாங்கியது அதையொட்டிய நாள்களில்தான். ஆகவே வரிக்கு முந்தைய காலத்தின் கொண்டாட்டம் எதையும் நான் பார்த்ததில்லை. புதிதாக வாங்க நினைப்பவர் இன்று எதிர்கொள்ளப்போகும் விதிகளுக்குள்ளேயே என் அனுபவம் முழுவதும் அடங்கியிருக்கிறது என்பதால், அதைச் சற்று விரிவாகப் பதிவு செய்கிறேன்.

கணக்குத் தொடங்குவதில் பெரிய சிரமம் இல்லை. பான் அட்டை, ஆதார், ஒரு செல்ஃபி, சொந்தப் பெயரிலுள்ள வங்கிக் கணக்கு ஆகியவை போதும். 2018இல் கிரிப்டோ நிறுவனங்களுக்குச் சேவை வழங்கக் கூடாது என்று வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி பிறப்பித்த உத்தரவை 2020 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது. இருந்தாலும் நான் தொடங்கிய காலத்தில் வங்கிகளின் தயக்கம் முழுவதுமாக நீங்கியிருக்கவில்லை. யு.பி.ஐ. வழியாகப் பணம் செலுத்தும் வசதி, கிரிப்டோவை வாங்கி விற்க உதவும் எக்ஸ்சேஞ்ச் செயலிகளிலிருந்து அப்போதுதான் மறைந்துகொண்டிருந்தது. நெஃப்ட் அல்லது ஐ.எம்.பி.எஸ். மூலம் பணம் அனுப்பிவிட்டுக் காத்திருக்க வேண்டியிருந்தது. அவசரப்பட்டு வாங்குவதைத் தடுத்த அந்தத் தாமதத்தை நான் இன்றுவரை ஒரு குறையாகக் கருதவில்லை.

ஒரு முழு பிட்காயினுக்கான பணம் வேண்டும் என்று எண்ணித் தயங்குவோர் இன்னும் இருக்கிறார்கள். ஒரு பிட்காயின் பத்துக் கோடி சாதோஷிகளாகப் பிரிகிறது என்பதால் சில நூறு ரூபாய்க்கும் வாங்கலாம். புதியவர் கவனிக்க வேண்டியது வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் உள்ள இடைவெளியைத்தான். பெரும்பாலான செயலிகளில் இரண்டு வழிகள் உண்டு. முகப்பிலேயே தெரியும் ‘உடனடியாக வாங்கு’ பொத்தான் ஒன்று. சற்று உள்ளே தள்ளி வைக்கப்பட்டிருக்கும் ஆர்டர் புத்தகம், அதாவது வாங்குவோரும் விற்போரும் குறித்துள்ள விலைகளின் பட்டியல், மற்றொன்று. முதல் வழியில் தனிக் கட்டணம் இல்லை என்று சொல்லப்பட்டாலும் அது விலைக்குள்ளேயே சேர்க்கப்பட்டிருப்பது வழக்கம். வாங்கிய அதே நிமிடத்தில் விற்கப் பார்த்தால் எவ்வளவு குறைவாகக் கிடைக்கிறது என்பதிலிருந்து அதை அறியலாம். ஆர்டர் புத்தகத்தில் நாம் விரும்பும் விலையைக் குறித்துவிட்டுக் காத்திருக்கலாம். கட்டணமும் அதன்மீதான 18 சதவீத ஜி.எஸ்.டி.யும் தனித்தனியாகக் கண்ணுக்குத் தெரியும்.

வரியைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டியிருக்கிறது. செயலியில் பச்சை நிறத்தில் ஒளிரும் லாபம் நம் கைக்கு வரும் லாபம் அன்று. 10,000 ரூபாய்க்கு வாங்கியதை 12,000 ரூபாய்க்கு விற்றால், 2,000 ரூபாய் லாபத்தின்மீது 30 சதவீத வரியும் அந்த வரியின்மீது 4 சதவீத செஸ்ஸும் சேர்ந்து 624 ரூபாய் போய்விடும். எத்தனை ஆண்டுகள் வைத்திருந்தாலும் விகிதம் குறையாது. வாங்கிய விலையைத் தவிர வேறு எந்தச் செலவையும் கழிக்க முடியாது. இதைவிடக் கடுமையானது நஷ்டத்தைப் பற்றிய விதி. ஒரு நாணயத்தில் 10,000 ரூபாய் லாபமும் இன்னொன்றில் 10,000 ரூபாய் நஷ்டமும் கண்டவர் மொத்தத்தில் ஒரு ரூபாய்கூடச் சம்பாதிக்கவில்லை என்றாலும், அவர் 3,120 ரூபாய் வரி கட்டியாக வேண்டும். நஷ்டத்தை அடுத்த ஆண்டுக்கும் எடுத்துச் செல்ல இயலாது. பங்குச் சந்தையில் பழகியவர்கள் இந்த இடத்தில்தான் திகைத்துப்போகிறார்கள்.

2022 ஜூலை 1 முதல் விற்பனைத் தொகையில் 1 சதவீத டி.டி.எஸ். (முன்கூட்டியே பிடிக்கப்படும் வரி) பிடித்தமும் சேர்ந்துகொண்டது. இது லாபத்தின்மீதான பிடித்தம் அன்று, விற்ற முழுத் தொகையின்மீதானது. நஷ்டத்தில் விற்றாலும் பிடிப்பார்கள். ஒரு நாணயத்தைக் கொடுத்து இன்னொன்றை வாங்குவதும் விற்பனையாகவே கணக்கிடப்படும். வருமான வரிக் கணக்கைத் தாக்கல் செய்யும்போது இதைக் கழித்துக்கொள்ளவோ திரும்பப் பெறவோ முடியும் என்பது உண்மைதான். ஆனால் ஒரே முதலீட்டை ஐம்பது முறை விற்று வாங்குபவரின் நூறு ரூபாயில், விலை அசையாமலே இருந்தாலும், ஏறக்குறைய நாற்பது ரூபாய் அரசிடம் போய்த் தங்கிவிடும். தினசரி வர்த்தகம் செய்து சம்பாதிக்கலாம் என்று டெலிகிராம் குழுக்களில் கூவுகிறவர்கள் இந்தக் கணக்கை மட்டும் போட்டுக் காட்டுவதே இல்லை. எப்போதாவது வாங்குவது, நீண்ட காலம் வைத்திருப்பது, மிக அரிதாக விற்பது என்ற முறைக்கு நான் வந்து சேர்ந்ததற்கு இந்த விதிகளே காரணம்; தத்துவம் எதுவும் இல்லை.

விலை ஏற்ற இறக்கத்தைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டதால் சுருக்கமாகச் சொல்கிறேன். 2021 நவம்பரில் 69,000 டாலரை ஒட்டிச் சென்ற பிட்காயின், எஃப்.டி.எக்ஸ். என்ற வெளிநாட்டு எக்ஸ்சேஞ்ச் சரிந்த 2022 நவம்பரில் 16,000 டாலருக்கும் கீழே இறங்கியது. 2024 டிசம்பரில் ஒரு லட்சம் டாலரைத் தாண்டியது. முதலில் வாங்கியது பாதிக்கும் கீழே போன மாதங்களில் நான் நிம்மதியாகத் தூங்க முடிந்தது என்றால், போட்ட தொகை சிறியது என்பதே அதற்குக் காரணம்.

விலையைவிட என்னை அதிகம் யோசிக்க வைத்தது, வாங்கியது உண்மையில் யாரிடம் இருக்கிறது என்ற கேள்வி. 2024 ஜூலை 18 அன்று வசிர்எக்ஸ் என்ற இந்திய எக்ஸ்சேஞ்சின் ஒரு வாலட்டிலிருந்து (கிரிப்டோவை வைத்திருக்கும் டிஜிட்டல் பெட்டகம்) சுமார் 23 கோடி டாலர் மதிப்புள்ள கிரிப்டோ களவுபோனது. பயனர்கள் தங்கள் இருப்பை எடுக்க முடியாமல் ஓராண்டுக்கும் மேலாகக் காத்திருக்க நேர்ந்தது. அவர்களில் ஒருவர் தொடுத்த வழக்கில், கிரிப்டோ என்பது உடைமையாகக்கூடிய ஒரு சொத்தே என்று 2025 அக்டோபரில் சென்னை உயர் நீதிமன்றம் கூறியது பயனர்களுக்கு ஓரளவு ஆறுதல் தந்தது. 2023 மார்ச் முதல் எக்ஸ்சேஞ்சுகள் சட்டவிரோதப் பணப் பரிமாற்றத் தடுப்புச் சட்டத்தின் கீழ் வந்திருப்பதால், மத்திய அரசின் நிதிப் புலனாய்வுப் பிரிவில் பதிவு செய்த நிறுவனமா என்று பார்ப்பது அவசியம். ஆயினும் அந்தப் பதிவு களவுக்கு எதிரான காப்பீடு ஆகாது. வங்கி வைப்புக்கு 5 லட்சம் ரூபாய் வரை இருக்கும் காப்பீடு போன்ற ஏற்பாடு இங்கே கிடையாது.

ஆகவே, வாங்கிய நாணயத்தைச் சொந்த வாலட்டுக்கு மாற்ற அந்தச் செயலி அனுமதிக்கிறதா என்பதைக் கணக்குத் தொடங்கும் முன்பே விசாரித்துவிடுங்கள். சில செயலிகள் ரூபாயாக மட்டுமே வெளியே எடுக்க விடுகின்றன. அனுமதிக்கும் இடங்களிலும் வெளியேற்றக் கட்டணம் தொகையைப் பொறுத்ததாக இல்லாமல் நிலையாக இருப்பதுண்டு. சில ஆயிரம் ரூபாய் வைத்திருப்பவருக்கு அது கணிசமான வெட்டு. நான் இருப்பு ஓரளவு சேர்ந்த பிறகே ஹார்டுவேர் வாலட் (சாவியைத் தனிக் கருவியில் வைத்திருக்கும் வாலட்) வாங்கி, முதலில் சிறு தொகையை அனுப்பிப் பார்த்துவிட்டு மீதியை மாற்றினேன். தனி நபர்களிடமிருந்து பி2பி முறையில் மலிவாக வாங்கும் வழியை முற்றிலும் தவிர்த்துவிட்டேன். எதிர்த்தரப்பின் கணக்கு ஏதேனும் மோசடியோடு தொடர்புடையதாக இருந்தால் சைபர் குற்றப் பிரிவு நம் வங்கிக் கணக்கையே முடக்கிவிட வாய்ப்புண்டு, அதை விடுவிக்கும் அலைச்சலுக்கு எந்தச் சலுகை விலையும் ஈடாகாது.

சொந்த வாலட்டுக்கு வந்த பிறகு முழுப் பொறுப்பும் நம்முடையது. வாலட்டை அமைக்கும்போது தரப்படும் 12 அல்லது 24 சொற்கள்தான் சாவி. அவற்றைத் தொலைத்தவருக்கு உதவ எந்த அலுவலகமும் இல்லை, தெரிந்துகொண்டவரைத் தடுக்கவும் எவரும் இல்லை. அவற்றைக் கைபேசியில் படமெடுத்து வைக்காமல் தாளில் எழுதி இரண்டு இடங்களில் வைத்திருக்கிறேன். வங்கிக் கணக்கில் இருப்பதுபோன்ற வாரிசு நியமனம் இதில் இல்லாததால், தாள் எங்கே இருக்கிறது, வாலட்டை எப்படித் திறப்பது, விற்றால் வரிக் கணக்கில் மெய்நிகர் டிஜிட்டல் சொத்துக்கான பட்டியலில் எதைக் காட்ட வேண்டும் என்ற மூன்றையும், வாங்கிய தேதிகளும் விலைகளும் கொண்ட கணக்குடன் சேர்த்து வீட்டில் ஒருவருக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன்; விலை தெரியாமல் போனால் வருங்காலத்தில் லாபத்தைக் கணக்கிடவே அவர்களால் இயலாது.