புள்ளிக்கோட்டுப் புத்தகமா, டேப்லெட்டா, சொங்காக்கா?

மலேசியாவில் வழக்கமாக 7 வயதில் முதலாம் ஆண்டு. தமிழ்ப்பள்ளி என்றால் தமிழ், மலாய், ஆங்கிலம் மூன்றையும் எழுதியாக வேண்டும். அந்தப் பயத்தில் கோலாலம்பூரில் நம் பெற்றோர் பலர் 4 வயதிலேயே புள்ளிக்கோட்டு எழுத்துப் புத்தகம் வாங்கிவிடுகிறார்கள்.

புத்தகம் எழுத்தின் வடிவத்தைப் பழக்கும். பென்சில் பிடிக்கப் பழக்காது. முஷ்டியில் பென்சிலைப் பிடித்தபடியே ஒரு பிள்ளை பக்கம் பக்கமாக 'அ' போட்டு முடித்துவிடலாம். பொதுவாக வட்டம் 3 வயதிலும், கூட்டல் குறி 4 வயதிலும், முக்கோணம் 5 வயதையொட்டியும்தான் கைக்கு வரும். அதற்கு முன் 'ஞ', 'இ' என்று கேட்பது அதிகம். மலாய்ச் சொல் 'இபு'வை ரோமன் எழுத்தில் எழுத நேர்க்கோடும் அரைவட்டமும் போதும். நம் எழுத்துகளோ பாதி வழியில் சுழிந்து திரும்புபவை. பிள்ளை இங்கே திணறினால் தமிழ் பிடிக்கவில்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

டேப்லெட்டில் கோடு எங்கே தொடங்குகிறது என்று அம்புக்குறி காட்டும், அது நல்லது. ஆனால் வழவழக் கண்ணாடியில் ஒற்றை விரலைத் தேய்ப்பதால் மற்ற விரல்களுக்கு வேலையே இல்லை.

என் ஓட்டு சொங்காக்குக்குத்தான். குழிப்பலகையில் விதை போட்டு ஆடும் மலாய் விளையாட்டு. பக்கத்துக்கு 7 குழி, இரு முனையிலும் விதை சேர்க்கும் வீடு. நம் பல்லாங்குழியின் உறவுக்காரன். கை நிறைய விதைகளை அள்ளி ஒவ்வொன்றாகப் போடும்போது, கடைசி இரண்டு விரல்கள் மிச்சத்தை இறுக்கிக்கொள்கின்றன. கட்டைவிரலும் ஆட்காட்டி விரலும் ஒரு விதையை முன்னுக்குத் தள்ளுகின்றன. பென்சில் பிடிக்கும்போதும் இதே ஏற்பாடுதான். எண்ணிக்கை வேறு இலவசமாக வருகிறது. 3 வயதுக்குக் கீழே மட்டும் வேண்டாம், விதை வாய்க்குப் போய்விடும்.

சொங்காக்கில் கிடைக்காதது கைப் பலம். சப்பாத்தி மாவு பிசையும்போது ஓர் உருண்டையைப் பிள்ளையிடம் கொடுத்துவிடுங்கள். அப்புறம், கிரையானை இரண்டாக உடைத்துக் கொடுங்கள். துண்டு கிரையானை முஷ்டியில் பிடிப்பது கஷ்டம். (புதுப் பெட்டியை உடைக்க எந்த அம்மாவுக்கும் மனசு வராது, தெரியும்.)

மூன்று விரல் பிடி வந்து, வட்டமும் கூட்டல் குறியும் தானாகப் போட்டால், சரி, புத்தகம் வாங்கலாம். 6 வயதிலும் முஷ்டிப் பிடியே இருந்து, இரண்டு வரிக்குள் கை வலிக்கிறது என்றால், ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்டிடம் (எழுதுவது போன்ற அன்றாட வேலைகளுக்குப் பயிற்சி தரும் சிகிச்சையாளர்) காட்டுங்கள். அரசு மருத்துவமனைகளிலும் இருக்கிறார்கள்.