பன்னிரண்டு குழிப் பணியாரக் கல்: அந்த நடு மூன்றைத் தவிர எல்லாம் சுகம்

போன வாரம் கல்லூரித் தோழி ஒருத்தி போன் பண்ணினாள். "ஏண்டி, பெரியவனுக்குப் பிறந்தநாள். இருபத்தஞ்சு பேர் வருவாங்க. கேக்கும் சேர்த்து மூவாயிரத்துக்கு மேல ஒத்தப் பைசா கிடையாதுன்னு வீட்ல சொல்லியாச்சு. நீ பணியாரமா சுட்டு அடுக்குவியே, அந்தக் கல்லை வாங்கட்டுமா, இல்ல ஏர் ஃப்ரையரே வாங்கிடவா?"

மூவாயிரத்துக்குள் விருந்து, அதற்கு நாலாயிரத்தில் மெஷின். சிரிப்பை அடக்கிக்கொண்டு, எழுதி அனுப்புகிறேன் என்றேன். அவளுக்கு எழுத ஆரம்பித்தது நீண்டுவிட்டதால் எல்லோருக்குமாகவே போடுகிறேன்.

ஏர் ஃப்ரையரை முதலில் முடித்துவிடுவோம். ஊற்றுகிற மாவு எதுவும் அதில் வேலைக்கு ஆகாது, கூடையின் ஓட்டை வழியே ஒழுகிவிடும். கட்லெட் வைக்கலாம். ஒன்றன்மேல் ஒன்று அடுக்கினால் மொறுமொறுப்பு வராது என்பதால் ஒரு ஈடுக்கு எட்டோ பத்தோதான். நாலு பேர் வீட்டுக்கு நல்ல பொருள். பிறந்தநாள் கூட்டத்துக்கு இல்லை.

என்னிடம் இருப்பது கடைக்குப் போனதும் எல்லாருக்கும் முதலில் எடுத்துக் காட்டுகிற அதே ரகம். அலுமினியம், நான்ஸ்டிக் பூச்சு, நடுவில் மூன்று குழி, சுற்றி ஒன்பது, இரண்டு காது, ஒரு கண்ணாடி மூடி, கூடவே ஒரு மரக்குச்சி. குச்சி முதல் மாதமே காணாமல் போகும், எல்லார் வீட்டிலும் அப்படித்தான். காதின் திருகாணி மாதம் ஒருமுறை கழன்று ஆடும். அதெல்லாம் பெரிதில்லை. என் வீட்டு விருந்துகள் எல்லாமே வருஷக்கணக்கில் இந்தக் கல்லின்மேல்தான் ஓடியிருக்கின்றன.

முதலில் காசுக் கணக்கு. ஆளுக்கு நாலு வைத்தால் இருபத்தைந்து பேருக்கு நூறு பணியாரம். ஒரு கிலோ இட்லி மாவில் தாளிப்பும் சேர்ந்து ஏறக்குறைய ஐம்பது வரும். எங்கள் தெருவில் மாவு பாக்கெட் கிலோ 50 ரூபாய். இரண்டு கிலோ மாவு, அரைக் கிலோ சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், கறிவேப்பிலை, கடுகு, உளுத்தம்பருப்பு, கால் லிட்டருக்குள் எண்ணெய். எல்லாம் சேர்த்து 200 ரூபாயை ஒட்டித்தான் நிற்கும். ஒன்று இரண்டு ரூபாய். பேக்கரியில் பப்ஸ் ஒன்று 20 ரூபாய் என்று வைத்தாலும் ஆளுக்கு ஒன்றுக்கே 500 ஆகிறது. அதையும் பாதிப் பிள்ளைகள் மேல்தோலை மட்டும் உரித்துத் தின்றுவிட்டு மசாலாவைத் தட்டில் வைத்துவிடும்.

பஜ்ஜி மலிவுதானே என்பார்கள். மாவு மலிவுதான், எண்ணெய்? வாணலி நிறைய ஊற்றவேண்டும், மிச்சத்தை என்ன செய்வது? கொட்ட மனசு வராது. மறுநாள் அப்பளம், அதற்கு மறுநாள் வடை என்று அதே எண்ணெய் ஓடும். திரும்பத் திரும்பக் காய்ச்சிய எண்ணெய் கெடும்போது அதில் சேரும் துருவச் சேர்மங்கள் என்கிற கழிவு 25 சதவீதத்தைத் தாண்டினால் அதைச் சமையலுக்கு வைக்கக்கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018 ஜூலையிலிருந்து விதி வைத்திருக்கிறது. அதை அளக்க வீட்டில் ஏது கருவி, மூக்குதான். பணியாரக் கல்லில் அந்தத் தொல்லையே கிடையாது. குழிக்கு அரை ஸ்பூன், அதுவும் பணியாரத்தோடு போய்விடும்.

ருசியிலும் குறை சொல்ல ஒன்றுமில்லை. புதுமாவைவிட ஒரு நாள் புளித்த மாவுதான் காரப் பணியாரத்துக்கு வாகு. வெங்காயத்தைப் பச்சையாக மாவில் போட்டால் தண்ணீர் விட்டு உள்ளே நசநசவென்று ஆகும். தாளிப்பிலேயே கண்ணாடிபோல வதக்கி, ஆறவிட்டுத்தான் கலக்கவேண்டும். ஒரு கைப்பிடி தேங்காயைப் பல்லுப் பல்லாகக் கீறிப் போட்டால் கடிக்கும் இடமெல்லாம் ஒரு இனிப்பு. 2025 இல் தேங்காய் விலை ஏறியபோது அதை நிறுத்தினேன், கடலைப்பருப்பைக் கொஞ்சம் கூட்டினேன். யாரும் கேட்கவில்லை.

இனி என் வயிற்றெரிச்சலுக்கு வருகிறேன்.

அந்த நடு மூன்று குழிகள். கல்லின் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள், தட்டையாக இருக்காது, பன்னிரண்டு மொட்டைத் தலைகள் துருத்திக்கொண்டிருக்கும். கேஸ் அடுப்பின் தீ நேராகப் போய் முட்டுவது நடுவில் இருக்கும் மூன்றின் மேல். சுற்றியிருக்கும் ஒன்பதுக்கும் வழிந்து வருகிற சூடுதான். விளைவு, நடு மூன்றும் காபிப்பொடி நிறத்துக்குப் போனபிறகும் ஓரத்து ஒன்பதும் வெள்ளை வெளேர் என்று அசையாமல் உட்கார்ந்திருக்கும். குச்சியால் குத்தித் திருப்பினால் பாதி ஒட்டிக்கொண்டு, மாவு பிதுங்கி, பணியாரம் என்ற பெயருக்கே அவமானமாக எழுந்து வரும். தீயைக் குறைத்தால் நடுவும் ஓரமும் சேர்ந்து வெளுத்துப்போகும். பூச்சு உரிய ஆரம்பித்ததும் அந்த மூன்றில்தான். வெறும் கல்லைப் பெரிய தீயில் காய விட்டால் நான்ஸ்டிக் பூச்சு 260 டிகிரி செல்சியஸைத் தாண்டும்போது கெட ஆரம்பிக்கும், அந்தச் சூட்டை முதலில் எட்டுவது நடுக்குழிகள் அல்லவா.

இதை வடிவமைத்தவர் வீட்டில் பணியாரம் சுட்டதில்லை என்று நான் சத்தியம் பண்ணுவேன்.

சரி, நியாயமாகவும் பேசவேண்டும். வழி இருக்கிறது. ஓரத்து ஒன்பதில் முதலில் மாவை ஊற்று. அவற்றின் விளிம்பு பளபளப்பு போய் மங்கி, மேலே சின்னச் சின்ன ஓட்டை விழும்வரை நடுவைக் காலியாக விடு, அதில் எண்ணெயும் ஊற்றாதே. பிறகு நடுவில் ஊற்று. திருப்பும்போது நடு மூன்றை முதலில் திருப்பு. அவை வெந்ததும் எடுத்துவிட்டு, ஓரத்தில் இன்னும் வெளுத்துக் கிடக்கும் மூன்றை நடுவுக்கு இடம் மாற்று. இடையில் ஒருமுறை காதைப் பிடித்து மொத்தக் கல்லையும் கால் வட்டம் சுற்று. இதெல்லாம் செய்தால் பன்னிரண்டும் ஒரே பொன் நிறத்தில் வரும், கடையில்கூட அப்படிக் கிடைக்காது. கீழே ஒரு பழைய தோசைக்கல்லை வைத்து அதன்மேல் பணியாரக் கல்லை வைப்பவர்களும் உண்டு. சூடு பரவுகிறது, உண்மைதான். கேஸும் பரவலாகவே செலவாகிறது.

கவனித்தீர்களா, மேலே சொன்ன பத்தி முழுவதும் அடுப்பை விட்டு நகரவே இடமில்லை. ஒரு ஈடு ஆறு நிமிஷம். நூறு பணியாரத்துக்கு ஒன்பது ஈடு. ஏறக்குறைய ஒரு மணி நேரம். அந்த ஒரு மணி நேரத்தில்தான் கேக் வெட்டுவார்கள், அந்த ஒரு மணி நேரத்தில்தான் ஊரிலிருந்து வந்த சித்தி "எங்க அவ?" என்று கேட்பார். மாமியார் நல்ல மனசோடு எட்டிப் பார்த்து "நீயும் வந்து உக்காரும்மா, அப்புறம் பாத்துக்கலாம்" என்பார். அப்புறம் எங்கே பார்ப்பது? நடு மூன்று கருகிக்கொண்டிருக்கிறது. என் பிள்ளையின் பிறந்தநாள் போட்டோக்களில் என்னைத் தேடினால் பின்னால் சமையல்கட்டு வாசலில் ஒரு முழங்கை தெரியும்.

முன்கூட்டியே சுட்டு ஹாட்பாக்ஸில் போடலாமே என்று கேட்காதீர்கள். மூடியதும் வேர்த்து, மேல்தோல் துவண்டு, இட்லித் துண்டாகிவிடும்.

ஆனால் இங்கேதான் நான் எதிர்பார்க்காத ஒன்று கிடைத்தது. ஆறிப்போன பணியாரத்துக்கு ஒரு மறுவாழ்வு உண்டு. மதியமே எல்லாவற்றையும் சுட்டு, தாம்பாளத்தில் ஒன்றன்மேல் ஒன்று படாமல் பரப்பி, மூடாமல் ஆறவிட வேண்டும். விருந்தாளி வந்ததும் அகலமான வாணலியில் நல்லெண்ணெய் நாலு ஸ்பூன், கடுகு, கறிவேப்பிலை, அது பொரிந்ததும் இட்லிப்பொடி, உடனே பணியாரத்தை ஐம்பது ஐம்பதாகக் கொட்டி இரண்டு குலுக்கு. மூன்று நிமிஷ வேலை. ஆறியதில் மேல்தோல் கொஞ்சம் இறுகியிருப்பதால் உடையாது, பொடி ஒட்டிக்கொள்ளும், மறுபடி சூடேறி வெளியே கரகரப்பும் வந்துவிடும். சுடச்சுட எடுத்ததைவிட இதுதான் நன்றாயிருக்கிறது என்று சொன்னவர்கள் உண்டு. சொன்னது பெரியவர்கள். குழந்தைகளுக்குப் பொடி காரம், கல்லிலிருந்து நேராக வருவதுதான் வேண்டும். ஆகவே மறுபடி அடுப்படி.

பொடிப் பணியாரத்துக்கு இன்னொரு லாபம், சட்னி வேண்டாம். விருந்தில் பட்ஜெட் ஒழுகுவது பலகாரத்தில் இல்லை, பக்கவாத்தியத்தில். சட்னிக்குத் தனிக் கிண்ணம், ஸ்பூன், துடைக்கக் காகிதம், குடிக்க பாட்டில் பானம் என்று எழுதிக்கொண்டே போனால் அந்த 200 ரூபாய்ப் பணியாரத்தைவிட இதெல்லாம் கூட வரும். சட்னி வைத்தே ஆகவேண்டுமென்றால் தேங்காயை விட்டுவிட்டு, தக்காளி, வரமிளகாய், பூண்டு, ஒரு கை பொட்டுக்கடலை போட்டு நல்லெண்ணெயில் கெட்டியாக வதக்கி அரைத்துவிடுங்கள். ஓடாது, தட்டின் ஓரத்தில் வைத்த இடத்தில் இருக்கும், சாயங்காலம்வரை கெடவும் கெடாது. பானத்துக்கு நன்னாரி சர்பத்தும் எலுமிச்சையும் போதும்.

இனிப்பும் இதே கல்லில் முடியும். கோதுமை மாவு, வெல்லக் கரைசல், மசித்த வாழைப்பழம், ஏலக்காய். வெல்லம் சீக்கிரம் கருகும், அதனால் தீ இன்னும் சின்னதாக. கார ஈடுகள் எல்லாம் முடிந்தபிறகுதான் இனிப்பு, இல்லையென்றால் வெல்லம் பிடித்த குழியில் அடுத்த ஈடு ஒட்டும். போண்டா மாவில் முக்கி எடுத்த உருளைக்கிழங்கு மசாலாவும் இதில் நன்றாக வருகிறது, பஜ்ஜிக்கடை வாசம் மட்டும் இருக்காது.

ஜப்பானில் ஒசாகா பக்கம் இதே மாதிரிக் குழிக்கல்லில் ஆக்டோபஸ் துண்டு வைத்து தகோயாகி சுடுகிறார்கள். அவர்கள் வீட்டு விருந்தில் மின்சாரக் குழிக்கல்லை மேஜை நடுவில் வைத்துவிட்டு, வந்தவர்களே சுற்றி உட்கார்ந்து ஆளுக்கொரு குச்சியோடு திருப்பித் தின்பார்களாம். வீட்டுக்காரியும் உட்கார்ந்திருப்பாள்! இதைப் படித்த அன்று எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்லி மாளாது. நம் ஊரில் விருந்தாளி கையில் குச்சியைக் கொடுத்தால் அடுத்த கல்யாணம்வரை அதே பேச்சாக இருக்கும். என் கல்லை இண்டக்‌ஷனில் வைத்து ஹாலுக்குக் கொண்டுபோகவும் முடியாது, அலுமினியம் அதில் சூடேறாது. அடி தட்டையான இரும்பாக இருந்தால்தான் உண்டு.

இரும்புக் கல் வாங்கியிருக்கலாமே என்று அம்மா சொல்வார். ஏழு குழி வார்ப்பிரும்பு அம்மா வீட்டில் இருக்கிறது. காய நேரம் எடுக்கும், காய்ந்துவிட்டால் மாவு ஊற்றியும் சூடு இறங்காது, மேல்தோல் பிடிக்கிற அழகே தனி. தூக்கினால் மணிக்கட்டு கேட்கும், கழுவித் துடைத்து எண்ணெய் தடவாமல் விட்டால் மறுநாள் துரு. ஏழு ஏழாகச் சுட்டு நூறு எடுப்பது எப்போது? வீட்டுக்கு இரும்பு, கூட்டத்துக்கு நான்ஸ்டிக், அவ்வளவுதான் என் கருத்து.

ஆக, இரண்டு ரூபாய்க்கு ஒரு பணியாரம், எண்ணெய் மிச்சம், காரமும் இனிப்பும் ஒரே கல்லில், ஆறினாலும் பொடி போட்டுக் காப்பாற்றிக்கொள்ளலாம். இவ்வளவும் சொன்னபிறகு தோழிக்கு என் பதில்: வாங்காதே.

நேற்றுத்தான் இங்கே ஒரு வளைகாப்பு முடிந்தது, இடுப்பு இன்னும் நிமிரவில்லை, அந்த எரிச்சலில்தான் சொல்கிறேன், இருக்கட்டும். உன் இருபத்தைந்து பேருக்குக் கறுப்புக் கொண்டைக்கடலை ஒரு கிலோ வாங்கு, 100 ரூபாயைச் சுற்றித்தான் வரும். முந்தின இரவே ஊறப்போடு, வெந்தால் இரண்டு மடங்குக்கு மேல் காணும். குக்கரில் இரண்டு ஈடாக வைத்து வேகவிட்டால் முடிந்தது வேலை. மாங்காய் கிடைத்தால் துருவிப் போடு, பெரிய வெங்காயம், கொத்தமல்லி, எலுமிச்சை, மேலே கொஞ்சம் ஓமப்பொடி. காகிதக் கூம்பில் போட்டுக் கையில் கொடுத்துவிட்டு, நல்ல புடவையாகக் கட்டிக்கொண்டு கேக் பக்கத்தில் போய் நில்.

அப்படியும் பையன் பணியாரம்தான் வேண்டுமென்று அடம் பிடித்தால் சனிக்கிழமைக்குள் வந்து என் கல்லை எடுத்துக்கொண்டு போ. குச்சி இல்லை, பின்னல் ஊசி ஒன்று கொண்டு வா. திருப்பித் தர அவசரமே இல்லை.